இன்டர்வியூவுக்கு வந்த பையன்

கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு அந்தப் பையன் கேட்டான், "மே ஐ கம் இன் மேடம்?"

எங்கள் இல்லத்தில் அதற்கு முன்பு யாரும் அப்படிக் கேட்டதில்லை. பின்பும் இல்லை. வழக்கமாகப் பையன்கள் தாங்களாக உள்ளே வருவதே கிடையாது. ஒரு கையைச் சித்தப்பா பிடித்திருப்பார், இன்னொரு கையைத் தாய்மாமன். உட்காரச் சொன்னால் நிற்பான். பெயரைக் கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பான். இவனோ வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, தலையை ஒட்ட வெட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுடன் வாசற்படியில் காத்திருந்தான். பின்னால் அவன் அம்மா, தான் வேலை பார்க்கும் கம்பெனியின் நீலக் கோட்டை மடித்து முழங்கையில் போட்டபடி.

"வாப்பா" என்றேன்.

"குட் மார்னிங் மேடம். குட் மார்னிங் சார். குட் மார்னிங் டாக்டர் மேடம். மைசெல்ஃப் சரண். ஐ யம் கம்மிங் ஃப்ரம் ஒரகடம்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். பவுடர் வாசனையும் புதுச் சட்டையின் கஞ்சி வாசனையும் அறைக்குள் அவனோடு சேர்ந்து வந்து உட்கார்ந்தன. வெளியே சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி பின்னால் எடுக்கும்போது அடிக்கிற அந்த டீக் டீக் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சரண் அவன் உண்மைப் பெயர் அல்ல. இந்தத் தொடரில் வரும் எல்லாப் பையன்களின் பெயரையும் போல அதையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

யாரை எடுப்பது

சென்ற வாரம் எங்கள் இல்லத்தைப் பற்றி எழுதினேன் அல்லவா? போதையில் சிக்கிய, இன்னும் மீசை முளைத்து முடியாத பையன்களைத் தங்கவைத்து மீட்கிற இடம், சேரப்பணஞ்சேரிப் பக்கம் இருக்கிறது என்று. படித்தவர்கள் பலர் கேட்டது ஒரே கேள்விதான். யாரை உள்ளே எடுப்பீர்கள், யாரைத் திருப்பி அனுப்புவீர்கள்?

நான் சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு அங்கே ஆலோசகராகச் சேர்ந்தபோது இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ரொம்ப மோசமாக இருக்கிறவனை முதலில் எடுக்க வேண்டும். அவ்வளவுதானே? பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இல்லம் அப்படி இல்லை.

புதன்கிழமை தோறும் மூன்று பேர் உட்காருவோம். காஞ்சிபுரத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் மனநல மருத்துவர் மாலதி, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கர் அண்ணன், நான். மாலதி டாக்டர் வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக முறுக்கு தின்பார். பாஸ்கர் அண்ணன் முன்பு ஒரு கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பையன்களையும் லைன் போலத்தான் பார்ப்பார். ஒருவனை உள்ளே விட்டால் மொத்தமும் நிற்குமா, ஓடுமா என்பதுதான் அவர் கவலை. நான் எதற்கு என்றால், நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேனாவைத் தட்டிக்கொண்டே இருப்பதற்கு. டாக்டர் ஒருநாள் அந்தப் பேனாவைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் பார்ப்பது, இவனுக்குத் தங்கிப் பெறும் சிகிச்சை தேவையா, வந்துபோனாலே போதுமா என்று. உடம்பில் ஆபத்து இருந்தால் இல்லம் உதவாது, முதலில் ஆஸ்பத்திரி. குடும்பத்தினருக்கு நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வீட்டில் யாராவது வருவார்களா என்று கேட்போம். ஷிஃப்ட்டில் ஓடுகிற குடும்பங்களில் இதற்குப் பதில் வர நேரம் பிடிக்கும். உள்ளே இருப்பவர்களோடு பழைய சண்டை ஏதும் இருக்கிறதா என்பது பாஸ்கர் அண்ணனின் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பையன் தன் வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்துக்குப் பெற்றோர் போதும். எங்களுக்கு அவன் வாய் வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பையனை ஆம்னி வேனில் கொண்டுவந்தார்கள். துப்பட்டாவால் கைகளைக் கட்டியிருந்தார்கள். பாஸ்கர் அண்ணன் முடிச்சை அவிழ்த்து, டீ கொடுத்து, வேனோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"என்னண்ணே, இப்படி அனுப்பிட்டீங்க?" என்று நான் குதித்தேன்.

"கட்டிக் கொண்டாந்தா கட்டித்தான் வெச்சிருக்கணும். நமக்கு அது வேலையில்லம்மா" என்றார்.

அந்தப் பையன் சில வாரம் கழித்து அம்மாவோடு பேருந்தில் வந்தான். அப்படி வராமலே போனவர்களும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அவர்களை நினைத்துத்தான் புதன்கிழமைகளில் என்னால் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடிவதில்லை.

நோ மேடம்

சரணிடம் வருகிறேன்.

"எதுக்கு வந்திருக்க சரண்?"

"லைஃப்பை இம்ப்ரூவ் பண்ணிக்க மேடம்."

"என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல மேடம். நான் ஹார்ட் வொர்க்கர். டீமோட சேர்ந்து நல்லா வேலை பண்ணுவேன்."

பாஸ்கர் அண்ணன் இருமினார். சிரிப்பை அவர் அப்படித்தான் மறைப்பார்.

"சிகரெட்?"

"நோ மேடம்."

"கஞ்சா?"

"நோ மேடம்."

"வலி மாத்திரை, ஊசி, அந்த மாதிரி?"

"நோ மேடம். எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல."

மாலதி டாக்டர் முறுக்கை ஓரமாக வைத்தார். "சரிப்பா. உன் வீக்னெஸ் என்ன, சொல்லு."

"ஓவரா உழைக்கிறது, டாக்டர் மேடம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவர் பெயர் செல்வி. ஒயர்கள் பின்னுகிற ஒரு லைனில் வேலை. மகனின் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்ததை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் புரியவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்ல எப்படி?"

"தங்கம் மேடம். வூட்டுல ஒரு தொல்லை கெடையாது. சொன்ன பேச்சு கேப்பான்."

"அப்புறம் ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

செல்வி தரையைப் பார்த்தார். "இங்க சேர்ந்தா நல்லா ஆயிடுவாங்கன்னு எங்க லைன்ல ஒரு அக்கா சொன்னாங்க. எடம் கெடைக்கிறதே கஷ்டமாமே." கொஞ்சம் நிறுத்தி, மெல்லக் கேட்டார். "மெடிக்கல் இன்னிக்கேவா மேடம்?"

முதல் சந்திப்பில் நாங்கள் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதில்லை. எடுத்த எடுப்பில் டப்பாவை நீட்டினால் எங்களுக்கும் போலீஸுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது இல்லத்தின் எண்ணம். "இன்னிக்கு இல்லம்மா" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது.

அவர்களை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுப் பேசினோம்.

"எனக்கு இந்தப் பையனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும் போல இருக்கு" என்றார் டாக்டர். "என் பையன் ஒருநாள் எனக்கு குட் மார்னிங் சொன்னதில்ல."

"உள்ள விட்டா நம்ம பசங்க இவனைக் கெடுத்துடுவானுங்க மேடம்" என்றார் பாஸ்கர் அண்ணன்.

"அவன் பொய் சொல்றான்" என்றேன்.

"எதை வெச்சுச் சொல்ற?"

"இவ்வளவு நல்லவனா யாரும் இருக்க முடியாது டாக்டர்."

"அதை நோட்ஸ்ல எப்படி எழுதுவ நிவி? பையன் நல்லவன், ஆகவே சேர்த்துக்கொள்ளவும்னா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலியாக இருந்தது ஒரே படுக்கை. வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு பையன் அதற்காகக் காத்திருந்தான். அவனுக்கு அது தேவைதான், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. படுக்கை அவனுக்கு என்று முடிவானது. அப்போதே அவன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். சரணுக்கு, சனிக்கிழமை வந்து பேசிவிட்டுப் போனால் போதும் என்று எழுதினோம்.

அவர்களை உள்ளே கூப்பிட்டுச் சொன்னதும் செல்வி கேட்டார், "செலக்ட் ஆவலியா மேடம்?"

"செலக்ஷன் எல்லாம் இல்லம்மா. உங்க பையனுக்கு இங்க தங்க வேண்டிய அவசியம் இல்ல. நல்ல விஷயம்தானே?"

அவர் தலையை ஆட்டினார். சரண் எல்லோருக்கும் "தேங்க்யூ" சொன்னான். வெளியே போகும்போது கதவு நிலையை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போனான்.

எங்கள் தெருவின் ஒரே ஷூ

டீ குடிக்கப் போனோம். முற்றத்தில் பாஸ்கர் அண்ணன் எங்கள் பையன்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "மைசெல்ஃப் பாஸ்கர். ஐ யம் எ ஹார்ட் வொர்க்கர்." பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயில் பாதி இருக்கும்போது சிரிப்பை நிறுத்தினேன்.

இந்த வசனம் எனக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெரு முழுக்க இன்டர்வியூதான். சுற்றிலும் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. தெருவில் பதினெட்டைத் தாண்டிய அண்ணன்கள் எல்லோருக்கும் சேர்த்து நல்ல ஷூ ஒரே ஒரு ஜோடி. எங்கள் எதிர்வீட்டு மணி அண்ணனுடையது. திங்கள்கிழமை ஒருவன் காலில், புதன்கிழமை இன்னொருவன் காலில். கால் சின்னதாக இருந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணிப்பார்கள். பெரிதாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொள்வார்கள்.

ஷூ போல பதில்களும் பொதுச் சொத்துதான். காலையில் பல் விளக்கிக்கொண்டே ஒருவன் கேட்பான், இன்னொருவன் சொல்லுவான்.

"நைட் ஷிஃப்ட்?"

"ஓகே சார்."

"ஓ.டி.?"

"ஓகே சார்."

"உடம்புக்கு ஏதாவது?"

"நோ சார்."

என் அண்ணனுக்கு வீசிங் உண்டு. இன்டர்வியூ அன்று இன்ஹேலரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். "நோ சார்" என்றான். எடுத்துக்கொண்டார்கள். பெயின்ட் அடிக்கிற பகுதியில் போட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு வந்தான். அதற்காக யாரும் அவனைத் திட்டவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. சொன்னால் கேட்டைத் தாண்ட முடியாது. இது இந்தப் பக்கத்தில் மூன்றாவது படிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

செல்வி மெடிக்கல் எப்போது என்று கேட்டது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இன்டர்வியூ, மெடிக்கல், ஜாயினிங். அந்த வரிசைதான் அவர் மனதில் ஓடியிருக்கிறது. நல்லவனாகத் தெரிந்தால் எடுப்பார்கள், குறை தெரிந்தால் கழித்துவிடுவார்கள். இருபது கம்பெனி வாசல் இருக்கிற ஊரில் இருபத்தோராவது வாசல் மட்டும் தலைகீழாக இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நாங்கள் சொல்லவில்லை. பையன் பொய் சொல்லவில்லை, பரீட்சை எழுதியிருக்கிறான். எழுதிப் பாஸாகியிருக்கிறான். அதனால் வெளியே அனுப்பிவிட்டோம்.

டம்ளரை மதிற்சுவரில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

"எங்கம்மா ஓடுற?" என்று பாஸ்கர் அண்ணன் கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

கம்பெனி பஸ்

கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற ஒரகடம் கூட்டு ரோட்டில் நிழல் என்று ஒன்றும் கிடையாது. ஒரு பேனர் கம்பத்தின் கோடு போன்ற நிழலில் செல்வி நின்றிருந்தார். நீலக் கோட்டைப் போட்டிருந்தார், அடையாள அட்டை கழுத்தில். மதிய ஷிஃப்ட். சரண் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தான். அந்த வெயிலில்.

"எதுனா விட்டுட்டு வந்துட்டமா மேடம்?" என்றார் செல்வி.

"அக்கா, பையன் நல்லா இருக்கான்னு சொன்னா நாங்க எடுக்க மாட்டோம். கஷ்டத்துல இருக்கிறவனுக்குத்தான் அந்த இடம்."

"வெளாடாதீங்க மேடம்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவரிடம் ஏதோ வாயைப் பிடுங்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு திடீரென்று, கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் கொட்டத் தொடங்கினார்.

"ஸ்கூல்ல உண்மையத்தான் சொன்னேன். டீச்சர், புள்ள மாத்திரை போடுறான், கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. மறுநாளே டி.சி. குடுத்துட்டாங்க. மெக்கானிக் ஷெட்டுல சேத்தப்ப மொதலாளிகிட்ட சொன்னேன். அவரு சாயங்காலமே அனுப்பிட்டாரு. எங்க நாத்தனாருகிட்ட சொன்னேன், அது வூட்டுப் பக்கமே வராதீங்கன்னுச்சு. சொன்ன எடத்துல எல்லாம் தொரத்திக்கினே இருந்தாங்க. உங்க எடத்துலயாவது வாய மூடிக்கினு ஒழுங்கா பேசுவோம்னு ஒரு வாரமா சொல்லிக் குடுத்து இட்டாந்தா, நீ நல்லவனா இருக்க, போன்னு அனுப்புறீங்க. இன்னாதான் மேடம் வேணும் உங்களுக்கெல்லாம்?"

ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். 

சாலையோரம் வரிசையாக நின்ற டிரெய்லர் லாரிகளைக் காட்டினார். "அதோ, அதுங்க அடியிலதான் போய்ப் படுத்துக்கிறான். நெழலா கீதாம். போன மாசம் ஒரு டிரைவரு வண்டிய எடுக்கப் போயிட்டு, இன்னாமோ தோணி டயரப் பாக்கக் குனிஞ்சிருக்காரு. இவன் காலு நீட்டிக்கினு படுத்துகினு கீறான். எங்க அப்பா சாமின்னு அந்தாளு எனக்கு போன் பண்ணி அழுவுறாரு. நான் லைன்ல நிக்கிறேன். கையில ஒயரு. இன்னா பண்ணுவேன்?"

அந்த வரிசையில் ஒரு வண்டி கிளம்பத் தயாராகி உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவருமே அதைப் பார்த்தோம்.

"டாக்டர் மூணு மணிக்குக் கிளம்பிடுவாங்க. இப்பவே வாங்க, மறுபடியும் பேசலாம்" என்றேன்.

அதே நேரம் கம்பெனி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண், "செல்வி, ஏறு, இன்னா நின்னுக்கினு கீற?" என்றாள். செல்வி ஒரு கால் முன்னே வைத்தார். மகனைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டாவது தடவையும் அடித்தார்.

பஸ் போய்விட்டது. செல்வி கோட்டின் முதல் பொத்தானை அவிழ்த்தார். "ஆட்டோல வரோம். நீங்க முன்னாடி போங்க மேடம்."

இரண்டு சிலபஸ்

மாலதி டாக்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நீ போய் அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"நல்லவனா இருந்தா எடுக்க மாட்டோம்னு."

"பிரமாதம். இப்ப அவன் வந்து மாத்திரை போடுறேன்னு சொன்னா நான் எப்படி நம்புறது? காலையில அவங்க அம்மா சிலபஸ், மத்தியானம் உன் சிலபஸ். இதுல பையனோட பேச்சு எங்கே?"

அந்தக் கேள்வி என்னை ஆணி அடித்து நிறுத்திவிட்டது. சரியான கேள்வி என்பதுதான் அதைவிட மோசம்.

"அப்போ அவனை என்ன பண்றது டாக்டர்? லாரிக்கு அடியில் விட்டுடலாமா?"

"கத்தாத. உட்காரு."

உட்காரவில்லை. சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். ஆட்டோ சத்தம் கேட்டது.

இந்த முறை அவன் கதவைத் தட்டவில்லை. உள்ளே வந்து, நடு அறையில் நின்று, மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். காலையில் இருந்த வேகம் இல்லை. மூக்கு ஒழுகியது. சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

"சொல்லுப்பா" என்றார் டாக்டர்.

"இன்னா சொன்னா எடுப்பீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பாஸ்கர் அண்ணன் வாயைத் திறந்தார். டாக்டர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பதில் எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருக்கிறது. அதைச் சொன்னால் அவன் அதையே திருப்பிச் சொல்லுவான், பிறகு அது அவனுடையதாக இருக்காது. சொல்லாவிட்டால் அவன் திரும்பிப் போய்விடுவான். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதாக நினைவே இல்லை.

சரண் மின்விசிறியைப் பார்த்தான். 

"காலையில கேட்டதுக்கெல்லாம் நோன்னு சொன்னேன்" என்றான் கடைசியில். "தப்பாப் போச்சு. இப்ப எஸ்ஸுன்னு சொல்லணுமா?"

டாக்டர் உயர்த்திய கையை இறக்கவில்லை.

"எனக்கு இந்த வெளாட்டு தெர்ல மேடம். எனக்கு உடம்பு வலிக்கிது."  "காலையில போட்டது எறங்கிடுச்சு."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "காலையில போட்டியா?"

"வர்றதுக்கு முன்னாடி. போடலன்னா அவ்ளோ இங்கிலீஷு வருமா? கை ஆடும், வாய் குழறும். எப்டி இன்டர்வியூல நிக்கிறது?" சொல்லிவிட்டுத் தன் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "அம்மாவுக்குத் தெரியும்."

செல்வி கதவோரம் நின்றிருந்தார். கோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"நான்தான் விட்டேன்" என்றார். "கை நடுங்கிக்கினு இருந்துச்சு மேடம். டீயக்கூடப் புடிக்க முடியல. நடுங்குற கையோட கூட்டியாந்தா எடுப்பீங்களா? இன்னிக்கு ஒரு நாளுக்குப் போட்டுக்க, சேந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்னு நான்தான் சொன்னேன்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் போயிருந்தது. வேறு எதுவும் அங்கே வரவில்லை, வேலைதான் வந்தது. எழுந்து போய் அவன் நாடியைப் பிடித்தார், கண் இமையை விலக்கினார், எத்தனை நாளாக, தினமுமா, எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேட்டார். பதில்கள் இப்போது ஆங்கிலத்தில் வரவில்லை. அரைகுறையாக வந்தன. சில கேள்விகளுக்கு "தெர்ல" என்றான். எங்களுக்குப் பழக்கமான பதில்.

"இங்க இவனை இன்னிக்கு வெச்சுக்க முடியாது" என்றார் டாக்டர். "படுக்கை இருந்தாலும் முடியாது. நிறுத்தும்போது உடம்பு என்ன பண்ணும்னு ஆஸ்பத்திரியில இருந்துதான் பார்க்கணும். முதல்ல அங்க. அது முடியட்டும், அதுக்குள்ள இங்க ஒரு இடம் காலியாகும். அப்ப மறுபடியும் இவனைக் கேட்போம்."

"மறுபடியும் இன்டர்வியூவா?" என்றான் சரண்.

"ஆமா. வருவியா?"

யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். காலையில் ஒரு கேள்விக்கும் அவன் யோசிக்கவில்லை.

"வலி போவுமா?"

"முதல்ல அதிகமாகும். அப்புறம் போகும்."

"ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்றான். "அப்பால வந்து சொல்றேன்."

எனக்கு அது போதவில்லை. இப்போதே சரி என்று சொல்லேன்டா என்று உள்ளுக்குள் குதித்தேன். டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்.

வேன் வருவதற்குள்

பாஸ்கர் அண்ணன் வேனைக் கொண்டுவரப் போனார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். சரண் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டான். செல்வியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, என்னிடம் "சூப்பர்வைசரு" என்றார்.

சூப்பர்வைசரின் குரல் எனக்கே கேட்டது. லைனில் ஆள் இல்லை, பஸ்ஸில் ஏன் ஏறவில்லை, போன மாதமும் இப்படித்தான் பாதியில் ஓடினாய்.

"சார், அது வந்து, புள்ளைக்கு ஜொரம் சார்" என்றார் செல்வி. பழகிய குரல். எங்கள் தெருவின் குரல். "நல்ல ஜொரம். ஆஸ்பத்திரிக்கு..."

அங்கே நின்றுவிட்டார். கீழே சரண் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. அம்மா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

"ஜொரம் இல்ல சார்" என்றார் செல்வி. குரல் மாறிவிட்டது. "பையன் மாத்திரை போடுறான் சார். போத மாத்திரை. ரொம்ப நாளா. அவன ஆஸ்பத்திரில சேக்கப் போறேன். இன்னிக்கு வர மாட்டேன். நாளைக்கும் வர முடியுமான்னு தெர்ல."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தேன். போனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது, மிஷின் சத்தமோ என்னவோ. பிறகு அதுவும் இல்லை.

வேன் வந்து நின்றது. பாஸ்கர் அண்ணன் பின்கதவைத் திறந்துவிட்டார். சரண் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"இன்னாம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சிட்டாரு" என்றார் செல்வி. "ஏறு."